பாய்மரத் தோணியில் பன்னிரண்டு நாள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கடல் வாழ்க்கையைப் பற்றிச் சில சொற்கள் பேசுக எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மறையூரில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஐயாயிரம் அடிக்கும் மேலான மலைகள் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. சந்தனக் காடும், கரும்புத் தோட்டமும், வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையும், பழங்கால முனியறைகளும் நம் ஊரின் அடையாளங்கள். கடலுக்கும் நமக்கும் தொடர்பு யாது?

மலையும் கடலும்

தொடர்பு உண்டு. நம் பள்ளத்தாக்கில் ஓடும் பாம்பாற்றை நினைத்துப் பாருங்கள். கேரளத்து ஆறுகளுள் மிகப் பல மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்க, கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கு நோக்கித் திரும்புகின்றன. நம் பாம்பாறு அமராவதியாகிறது. அமராவதி கரூருக்கு அருகே திருமுக்கூடலூரில் காவிரியோடு கூடுகிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. நம் வாய்க்காலில் கால் கழுவும் நீரும் ஒருநாள் வங்கக் கடலில் ஓர் அலையாக எழும். ஆகவே கடலைப் பற்றிப் பேசுவது நமக்கு அயலான பேச்சன்று.

மற்றொரு தொடர்பும் உண்டு. அஞ்சுநாட்டின் ஐந்து ஊர்களான மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவற்றின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர்த் தேயிலைத் தோட்டத்துக்கும், கரும்பு வேலைக்கும், கடைத்தொழிலுக்கும், ஆசிரியப் பணிக்கும் நாம் வந்தோம். ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு கரையை விட்டுப் புறப்பட்டு வந்த குடும்பமே. நான் புறப்பட்ட கரை தூத்துக்குடி. ஆசிரியனாக இம்மலைக்கு வருவதற்கு முன், பதினேழு வயதில், ஒரு பாய்மரத் தோணியில் சமையற்காரனாக வேலை பார்த்தவன் நான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் வெளியே சொல்லாத ஒரு செய்தி அந்தத் தோணியில் நிகழ்ந்தது. அதை இன்று இந்த அவையில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டதாக உணர்கிறேன். காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

தோணி என்பது யாது?

தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் சிறு ஓடம் உங்கள் நினைவுக்கு வரலாம். தூத்துக்குடித் தோணி அதுவன்று. அது சரக்கேற்றிக் கடல் கடக்கும் மரக்கலம். வளைந்த உள்வங்குகளுக்கு வேலமரமும், பக்கப் பலகைகளுக்குக் கேரளத்து ஐயினி மரமும் தேக்கும் பயன்பட்டன. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இணைப்பில் பஞ்சைத் திணித்து நீர் புகாதவாறு அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். கலப்பற்றுத் தளர்ந்தால் எவ்வளவு பெரிய தோணியும் நீர் குடிக்கத் தொடங்கிவிடும்.

அந்நாளில் தூத்துக்குடியில் பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி வந்து நிற்க இயலாது. ஆழம் போதாமையால் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகளே. 1974 ஜூலை 11 ஆம் நாள் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரையில் இவ்வழக்கம் பெரிதும் நிலவியது. அன்றியும் கொழும்புக்கும், மாலத்தீவுக்கும், மேற்குக் கரையூர்களுக்கும் தோணிகள் தாமே பாய்விரித்துச் சென்றன. வெங்காயமும் உப்பும் ஓடும் செங்கல்லும் கொண்டு செல்லும். மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு கொண்டுவரும்.

நான் ஏறிய தோணி ஏறக்குறைய எழுபது அடி நீளம், இரண்டு பாய்மரம். அதில் நாங்கள் ஒன்பதுபேர். தலைவருக்குத் தண்டல் என்று பெயர். மாலுமிகளைக் கலாசி என்பார்கள். சமையற்காரன் பண்டாரி. தோணி வேலைக்கு வரும் சிறுவன் பெரும்பாலும் பண்டாரியாகவே தொடங்குவான். ஒன்பதுபேருக்குச் சோறாக்கிக்கொண்டே கயிற்றையும் காற்றையும் கண்ணால் கற்பான். நானும் அவ்வாறே ஏறினேன். அது 1972 ஆம் ஆண்டு, மார்ச் மாதம். உப்பு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் பயணம்.

ஒரு நாளின் ஒழுங்கு

கடலில் விடுமுறை நாள் இல்லை. வேலையற்ற நாழிகையும் இல்லை. இரவை நான்கு சாமமாகப் பிரித்து, சாமத்துக்கு இருவர் விழித்திருப்போம். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். மற்றவர் அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில், நின்று எதிரே விளக்குத் தெரிகிறதா, மீன்பிடிக் கட்டுமரம் கிடக்கிறதா எனக் காவல் காப்பார். அணியத்தில் இருப்பவர் உறங்கிவிட்டால் இருட்டில் கிடக்கும் ஓர் ஏழை மீனவனின் உயிர் போகும். அதனால் கால் நாழிகைக்கு ஒருமுறை சுக்கான்காரர் குரல் கொடுப்பார். அணியத்தார் மறுகுரல் கொடுப்பார். அந்த இரு குரலும் கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் மற்ற ஏழு பேரும் அச்சமின்றி உறங்கலாம்.

விடியற்காலை நான்கு மணிக்குப் பண்டாரி எழ வேண்டும். மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி, அதில் மணல் நிரப்பி, மணலின்மேல் மூன்று கல், அதுவே அடுப்பு. மணல் இல்லையேல் மரக்கலத்தில் தீ வைத்தவர்கள் ஆவோம். காற்று வீசும் பக்கத்துக்கு ஒரு பலகையை மறைப்பாக நிறுத்தி விறகு மூட்டி, கருப்பட்டிக் காப்பி போடுவேன். இன்று மறையூர்ச் சர்க்கரை 2019 இல் புவிசார் குறியீடு பெற்றதென்று நாம் பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு நானும் உரியவனே. ஆனாலும் நடுக்கடலில் விடியலிலே குடித்த கருப்பட்டிக் காப்பியை நாக்கு இன்னும் மறக்கவில்லை. இதற்காக எம் ஊர் ஆலைக்காரர்கள் என்மீது சினம் கொள்ளாதிருப்பார்களாக!

காப்பி முடிந்ததும் முதல் வேலை, அடித்தட்டில் ஊறியிருக்கும் நீரை இறைப்பது. மரக்கலம் எதுவாயினும் சிறிது நீர் ஊறியே தீரும். இன்று எத்தனை வாளி இறைத்தோம் என்று எண்ணுவார்கள். நேற்று நாற்பது, இன்று அறுபது என்றால் எங்கோ கலப்பற்று விட்டுவிட்டது என்று பொருள். பிறகு மேல்தட்டைக் கடல்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. வெயிலில் காய்ந்த பலகை சுருங்கி இணைப்பு விரியும். உப்புநீர் பட்டால் பலகை ஊறி இறுகும்.

முற்பகல் முழுதும் தையல் வேலை. பருத்திப் பாயில் சிறு கிழிசல் கண்டால் அன்றே தைத்துவிட வேண்டும். உள்ளங்கையில் தோற்பட்டை கட்டிக்கொண்டு, தடித்த ஊசியை அதனால் அழுத்தித் தைப்பார்கள். பழைய கயிற்றைப் பிரித்துப் புதிதாக முறுக்குவார் ஒருவர். பின்புறம் நீளமாகத் தூண்டில் ஒன்று இழுபட்டுக்கொண்டே வரும். சூரையோ சீலாவோ சிக்கினால் அன்று நண்பகல் எனக்கு நற்பெயர். சிக்காத நாளில் கருவாடும் வெங்காயமும். காலையில் பழஞ்சோறு, பகலில் சோறும் குழம்பும், இரவில் கஞ்சி. குளியல் கடல்நீரில். காலைக்கடனுக்குப் பின்பக்கத்தில் கடலின்மேல் தொங்கும் பலகைக் கூண்டு. அதில் முதல்முறை ஏறியபோது நான் வேண்டாத தெய்வமில்லை.

மாலையில் விளக்கேற்றி, அவரவர் தெய்வத்தை அவரவர் தொழுவர். தண்டல் பனிமய மாதாவை நினைப்பார்; எங்களில் மூவர் திருச்செந்தூர் முருகனை நினைப்போம்; ஒருவர் மேற்கு நோக்கித் தொழுவார். எழுபதடிப் பலகையில் இதைப்பற்றி ஒரு சண்டையையும் நான் கண்டதில்லை. காற்று எல்லார்க்கும் ஒன்றாகவே வீசிற்று.

காற்றும் வானமும்

கரையோரப் பாய்மரப் பயணத்தின் உயிர்நாடி கரைக்காற்றும் கடற்காற்றுமே. பகலில் நிலம் விரைவில் சூடேறும். அதன்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் நிலம் விரைவில் குளிரும். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இதை அறிந்த மாலுமி இரவின் பின்பகுதியில் கரைக்காற்றைப் பிடித்து வெளியே செல்வான். பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துக் கரையை நோக்கி வருவான். இரண்டையும் பக்கவாட்டில் வாங்கிக் கரை நெடுகிலும் முன்னேறுவான்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. நம் பள்ளத்தாக்கில் பகலில் காற்று சரிவின் வழியே மேலேறுகிறது. இரவில் குளிர்ந்து கீழிறங்குகிறது. பிற்பகலில் ஆலைக் கொட்டகையின் புகை மலையை நோக்கிச் சாய்வதையும், விடியலில் அது பள்ளத்தை நோக்கிப் படிவதையும் நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். கடலோடியின் காற்றும் கரும்பு காய்ச்சுவோர் காற்றும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

காற்று நேர் எதிரே வீசினால் பாய்மரக்கலம் என்ன செய்யும்? நேராகச் செல்ல இயலாது. சிறிது வலப்புறம் சாய்ந்து ஓடி, பின் திரும்பி இடப்புறம் சாய்ந்து ஓடி, இவ்வாறு மாறி மாறிக் கோணலாகவே முன்னேறும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறும் பேருந்தை நினையுங்கள். அது மலையில் நேராக ஏறுவதில்லை. வளைந்து வளைந்தே ஏறுகிறது. வளைவு அதிகமானாலும் ஊர் வந்து சேர்கிறது. எதிர்க்காற்றிலே செல்வதும் அதுவே.

காற்றுகளுக்குத் தமிழில் எத்துணை அழகிய பெயர்கள்! வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தியவர் மரபில் வந்தவன் எனக் கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புகழ்ந்த செய்தி புறநானூற்றில் உள்ளது. அந்தப் பழைய கலையை எழுத்தறியாத எம் தண்டல் விரல் நுனியில் வைத்திருந்தார்.

தோணியில் ஒரு திசைகாட்டி இருந்தது. ஆயினும் இரவில் தண்டல் வானத்தையே பார்ப்பார். துருவ மீன் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. தூத்துக்குடியில் ஏறக்குறைய ஒன்பது பாகை, கன்னியாகுமரியில் எட்டு, இம்மறையூரில் பத்து. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அம்முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. குழந்தைகளே, வடக்கே மலை மறைக்காத இடத்தில் ஓர் இரவு நின்று அளந்து பாருங்கள். சோழமண்டலக் கரையின் பழைய மாலுமிகள் இராப்பலகை என்ற சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு இவ்வுயரத்தை அளந்தனர். கயிற்றைப் பல்லால் கடித்துப் பலகையை நீட்டிப் பிடிப்பர். எந்த முடிச்சில் மீனும் தொடுவானும் பலகையின் இரு விளிம்பிலும் பொருந்துகின்றனவோ அந்த முடிச்சே ஊரைச் சொல்லும்.

தண்ணீர்ப் பீப்பாய்

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

தோணியில் இரண்டு பீப்பாய் நன்னீர் இருந்தது. ஒன்று இருநூறு லிட்டர். அவற்றின் காவல் பண்டாரியுடையது. கடல்நீரைக் குடிக்கலாகாது என்பது குழந்தையும் அறிந்ததே. காரணத்தை யாவரும் அறியார். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்குக் குடித்த நீரைவிட மிகுதியான நீர் வேண்டும். ஆகவே கடல்நீரைக் குடிப்பவன் தாகத்தைத் தணிக்கவில்லை. தன் உடலின் நீரைக் கடலுக்கே கடன் கொடுக்கிறான். ஆனால் அதை அளவோடு உலையில் சேர்க்கலாம். ஐந்து பங்கு நன்னீருக்கு ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் சோற்றுக்குத் தனியாக உப்பு வேண்டியதில்லை. அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரிலேயே செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் தண்டல் எனக்கு முதல்நாளே சொல்லியிருந்தார்.

சொல்வது வேறு, பழகுவது வேறு. கடல்நீரில் கழுவினால் பாத்திரம் பிசுபிசுக்கிறது என்று யாரும் காணாதபோது நன்னீரில் கழுவினேன். முதற் பீப்பாய் நான்கே நாளில் தீர்ந்தது. நான்காம் நாள் இரவு கன்னியாகுமரியைச் சுற்றினோம். அங்கே நீரோட்டமும் காற்றும் மோதித் தோணியைப் புரட்டின. இரண்டாம் பீப்பாயைத் திறந்த நான் தக்கையை அடித்து இறுக்காமல் கையால் மட்டும் செருகிவிட்டு, தலை சுற்றிப் படுத்துவிட்டேன். விடியலில் சென்று பார்த்தபோது தக்கை ஒருபுறம் கிடந்தது. பீப்பாயில் பாதிக்கும் குறைவான நீரே இருந்தது. ஏனையது அடித்தட்டில் இறங்கி உப்புநீரோடு கலந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? தக்கையை அடித்து இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றோ நாளையோ குளச்சலில் கரை தொடுவோம், யாரும் அறியாமல் நிரப்பிவிடலாம் என்று எண்ணினேன்.

அன்று நண்பகல் முட்டத்துக்கு அப்பால் காற்று அடியோடு நின்றது. பாய் மரத்தில் ஒட்டித் தொங்கியது. கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. மலை தெரிகிறது, கரையை அடைய இயலாது. எங்கள் தோணியில் எஞ்சின் இல்லை. வெயிலோ சுட்டெரிக்கிறது. கலாசிகள் வழக்கம்போல் வந்து வந்து மொண்டு குடித்தார்கள். ஒவ்வொரு செம்பும் பீப்பாயில் விழும் ஓசை என் நெஞ்சில் விழுந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. இரவு கழிந்தது. மறுநாள் நண்பகலும் காற்று வரவில்லை. அப்போதுதான் கால் நடுங்கத் தண்டலிடம் சென்று நடந்ததைச் சொன்னேன்.

அடி விழும் என்றே எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை. ஒன்பதுபேரையும் பீப்பாயின் அருகே அழைத்தார். ஒரு நீண்ட குச்சியை அதனுள் விட்டு எடுத்து, நனைந்த அளவில் கரியால் கோடிட்டு எல்லார்க்கும் காட்டினார். நாற்பது லிட்டர் இருக்கும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஏலே தம்பி, தண்ணி சிந்துனது உன் கை. கை தவறும், எனக்கும் தவறும். ஆனா நேத்து விடிஞ்சதிலிருந்து இந்நேரம் வரைக்கும் இத்தனை பேரும் கணக்குத் தெரியாமக் குடிச்சாங்களே, அந்தத் தண்ணியக் கடல் எடுக்கல, உன் வாய் எடுத்துச்சு.”

அவ்வளவே. அதற்குமேல் அவர் என்னைக் கடிந்ததில்லை. ஐம்பது ஆண்டாக அச்சொல் என் காதில் ஒலிக்கிறது.

அன்று முதல் நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு சிறு குவளை; சமையலுக்கு மூன்று லிட்டர்; ஆக மொத்தம் பன்னிரண்டு லிட்டர். ஒவ்வொரு வேளையும் ஒன்பதுபேர் கண்முன்னே அளந்து கொடுக்கப்பட்டது. குச்சியில் நாள்தோறும் ஒரு கரிக்கோடு. கண்முன் அளந்ததால் ஐயம் எழவில்லை. ஐயம் எழாததால் சண்டை எழவில்லை. கடைசிக் குவளை தண்டலுடையது. எல்லாரும் குடித்த பின்னரே அவர் வாயில் வைப்பார். அளக்கும் வேலையை என்னிடமிருந்து பறிப்பார் என்று எண்ணினேன். மாறாக, குவளையை என் கையிலேயே கொடுத்தார். “தவறினவன் கைதான் இனிமே நல்லா இறுக்கும்” என்றார்.

எட்டாம் நாள் காலையில் குளச்சல் மீனவர் இருவர் கட்டுமரத்தில் எங்களை நெருங்கினர். பாய் தொங்குவதையும் எங்கள் உதடுகளையும் பார்த்தவுடனே கேளாமலே தங்கள் மண்பானை நீரைக் கொடுத்துவிட்டனர். தண்டல் அரிசியும் புகையிலையும் கொடுக்க முனைந்தபோது புகையிலையை மட்டும் வாங்கிக்கொண்டனர். அன்றிரவு கரைக்காற்று எழுந்தது. அந்தக் காற்றில் பாய் முதலில் படபடத்து, பின் விம்மி நிறைந்த ஓசையைப் போன்ற இசையை நான் பிறகு கேட்டதில்லை. பத்தாம் நாள் விடியுமுன் தங்கசேரி விளக்கு தெரிந்தது. 1902 இல் ஏற்றப்பட்ட அந்தக் கலங்கரை விளக்கம் கொல்லத்தின் கண். அங்கே நீர் நிரப்பிக்கொண்டு பன்னிரண்டாம் நாள் சீனவலைகள் தாழ்ந்தெழும் கொச்சித் துறைவாயிலில் நுழைந்தோம். பீப்பாயின் குச்சியில் இருந்த கரிக்கோடுகளை நான் அழிக்கவில்லை.

இன்றைய பாய்க்கலங்கள்

அதன்பின் தோணிகளில் எஞ்சின் வந்தது. நன்றே, காற்றில்லாத கடலில் தவித்த நான் எஞ்சினைக் குறைகூற மாட்டேன். ஆனால் பாயும், பாய் தைக்கும் கையும், கயிற்றுக்குக் கயிறு வேறு பெயர் சொன்ன நாவும் மறைந்து வருகின்றன.

பாய்க்கலை முற்றும் அழிந்துவிடவும் இல்லை. ஈழத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகளும் அதில் செல்ல, அது 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. நம் காலத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2 ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 ஆம் நாள் மீண்டனர். ஒருவர் தமிழ் பேசும் ஊர்ப் பெண். மற்றவர் மலையாளம் பேசும் ஊர்ப் பெண். இரு மொழியும் கலந்து வாழும் நம் மறையூருக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்? எட்டு மாதம், இருவர், ஒரே படகு. ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்தால் அன்றி அப்பயணம் முடிந்திராது. எங்கள் தோணியின் இரு குரல்களே அவர்களுடைய விதியும்.

ஏன் இதை இன்று சொன்னேன்?

பெரியோர்களே, சென்ற கோடையை நினைவுகூருங்கள். மேல்தொட்டியிலிருந்து நம் காலனிக்கு வரும் குழாய் புதரின் நடுவே உடைந்திருந்தது. இரண்டு நாள் நீர் வீணே பள்ளத்தில் ஓடிற்று. கீழ் வரிசை வீடுகளில் தாய்மார்கள் குடத்தோடு நடந்தார்கள். உடைந்ததை முன்னரே கண்டவர்கள் சிலர் இருந்தனர் என்றும், பழி தம்மேல் வருமோ என அஞ்சிச் சொல்லாதிருந்தனர் என்றும் பின்னர்த் தெரிந்தது. அதன்பின் எழுந்த பேச்சும், முகம் திருப்பலும், விருந்துக்கு அழையாமையும் நீங்கள் அறிந்தவையே. இந்த விழாவுக்கும் சில குடும்பங்கள் வரத் தயங்கின. வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வந்ததற்கு நான் நன்றி சொல்கிறேன்.

அவர்களைக் குறைகூற நான் இங்கே நிற்கவில்லை. அவர்கள் செய்ததை அவர்களுக்கு முன்னே, நடுக்கடலில், ஒன்பது உயிரை வைத்துச் செய்தவன் நான். பதினேழு வயதில் நான் ஏன் வாய் மூடினேன் என்று எனக்குத் தெரியும்: சொன்னால் என்ன ஆகுமோ என்ற அச்சம். ஆகையால் குற்றம் மறைத்தவரிடத்து மட்டுமன்று. சொன்னவரை நாம் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே நம் முகத்தில் எழுதி வைத்திருக்கிறோமே, அதிலும் உண்டு. எங்கள் தண்டல் கையோங்கியிருந்தால் அடுத்த பிழையையும் நான் மறைத்திருப்பேன்.

சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, நம் தொட்டிக்கும் ஓர் அளவுக்கோல் வேண்டும். நீர்மட்டத்தை நாள்தோறும் சங்கப் பலகையில் எழுதிவைத்தால் யாவரும் காண்பர். கண்டால் ஐயம் இராது. இரண்டாவது, பழுதைக் கண்டு அன்றே சொல்பவரை, அப்பழுதுக்கு அவரே காரணமாயினும், அவையில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்று நாம் முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, நீர்முறையில் சங்கப் பொறுப்பாளர் வீட்டுக் குடம் கடைசியில் நிறைய வேண்டும். இதைச் சொல்லும்போது செயலாளர் அவர்கள் புன்னகை செய்கிறார்கள்; ஒப்புக்கொண்டதாகவே கொள்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒன்று. உங்கள் தாத்தா பாட்டிகளிடம் தொழிற்சொற்கள் கிடக்கின்றன. தோணிச் சொற்களைப்போலவே கரும்பாலைச் சொற்களும், தேயிலைக் காட்டுச் சொற்களும், வயற்சொற்களும் மறைந்துபோகுமுன் ஒரு குறிப்பேட்டில் எழுதி அடுத்த மலருக்குக் கொடுங்கள்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, ஒரே குழாய், ஒரே முற்றம். தோணியும் அப்படியே. பிடிக்காதவரை விட்டு இறங்கிச் செல்லக் கடலில் இடமில்லை. கரையை விட்டு வந்த நாமும் ஒரு வகையில் ஒரே தோணியில் இருக்கிறோம். முன்னால் நிற்பவர் குரல் கொடுக்க, பின்னால் நிற்பவர் மறுகுரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் நின்றுபோனாலும் உறங்குபவர் அனைவர்க்கும் கேடு.

பின்வரிசையில் இருக்கும் என் உடன்பிறப்புகளே, விழா முடிந்ததும் பந்தி நடக்கும். பரிமாறும் பொறுப்பைப் பண்டாரி வேலை பார்த்தவன் என்ற உரிமையில் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் இலையில் தண்ணீர் வைக்க நானே வருவேன். எழுந்து போய்விடாதீர்கள்.